கொத்தடிமைகளாக இருப்பவர்களை அடையாளம் காண்பது எப்படி, விடுதலைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை உடன் நிற்பது எப்படி

ஊரில் தாய் இறந்துவிட்டதாகச் செய்தி வந்த ஒரு செங்கல் சூளைத் தொழிலாளி, காரியத்துக்குப் போய்வர முதலாளியிடம் அனுமதி கேட்கிறார். போகலாம், ஆனால் மனைவியும் பிள்ளைகளும் சூளையிலேயே இருக்கட்டும் என்று பதில் வருகிறது. அவரும் அதில் குறை ஒன்றும் காணாமல் தனியாகப் புறப்படுகிறார், ஏனென்றால் அவர் அறிந்த சூளைகள் எல்லாவற்றிலும் வழக்கம் இதுதான். இங்கே சங்கிலி இல்லை, பூட்டிய கதவு இல்லை, சில இடங்களில் காவலாளிகூட இல்லை. வாங்கிய முன்பணத்துக்கு ஒரு குடும்பமே அடகுப் பொருளாக இருக்கிறது, அவ்வளவுதான். கொத்தடிமைத்தனத்தைத் தேடிப் போகிறவர்கள் அடி, உதை, காயம் ஆகியவற்றை மட்டுமே தேடுவதால், கண்ணெதிரே இருக்கும் இந்த அடகைப் பார்க்காமல் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

இந்தக் குறிப்புகள் அப்படிப்பட்ட ஓர் இடத்தைத் தற்செயலாகப் பார்க்க நேர்ந்த எவருக்கும் உரியவை: பள்ளி ஆசிரியர், கிராமச் செவிலியர், ஊராட்சி உறுப்பினர், கல்லூரி மாணவர், சூளைக்குப் போன உறவினரிடமிருந்து அழைப்பு வராமல் தவிக்கும் குடும்பத்தினர். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதைக் கேட்பது, யாரிடம் போவது, எந்தத் தாளை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்பவை தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் எதைக் கொத்தடிமை முறை என்கிறது

இந்திய அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அதை நடைமுறைப்படுத்த வந்ததே 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம். முதலில் அவசரச் சட்டமாக வந்த அது, 1975 அக்டோபர் 25ஆம் நாளிலிருந்தே நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. தாமோ தம் முன்னோரோ பெற்ற முன்பணத்துக்காகவோ, வேறு பொருளாதாரப் பயனுக்காகவோ, சாதி வழக்கத்தாலோ, பரம்பரைக் கடமையாலோ ஒருவர் இன்னொருவருக்கு வேலை செய்யக் கட்டுப்பட்டிருந்து, அதன் விளைவாக நான்கு இழப்புகளில் ஏதேனும் ஒன்று நேர்ந்தால் அது கொத்தடிமை முறை. கூலியில்லாமல் அல்லது பெயரளவுக் கூலிக்கு உழைப்பது முதலாவது. வேறு வேலைக்கோ வேறு பிழைப்புக்கோ போகும் உரிமையை இழப்பது இரண்டாவது. நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையை இழப்பது மூன்றாவது. தன் உழைப்பில் விளைந்ததையோ தன் உடைமையையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பது நான்காவது.

நான்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். ஒன்று இருந்தாலே போதும். வாரந்தோறும் காசு கையில் கிடைக்கிறது என்பதாலோ, சந்தைக்குப் போகவிடுகிறார்கள் என்பதாலோ கொத்தடிமை முறை இல்லை என்று ஆகிவிடாது. ‘பெயரளவுக் கூலி’ என்பதற்கும் சட்டமே விளக்கம் சொல்கிறது: அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவானது, அப்படி நிர்ணயம் இல்லாத வேலையாக இருந்தால் அந்த வட்டாரத்தில் வழக்கமாகக் கொடுப்பதைவிடக் குறைவானது.

உலக அளவிலும் பார்வை இதுதான். அடிமை முறை தொடர்பான 1956ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் துணை உடன்படிக்கை, கடனுக்கு ஈடாகத் தன் உழைப்பையோ தன் பொறுப்பில் இருப்பவரின் உழைப்பையோ ஒருவர் ஒப்படைக்கும்போது, அந்த உழைப்பின் நியாயமான மதிப்பு கடனில் கழிக்கப்படாவிட்டாலோ, உழைப்பின் காலமும் தன்மையும் வரையறுக்கப்படாவிட்டாலோ அதைக் கடன் அடிமைத்தனம் என்று வரையறுக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டு அமைப்புகளும் 2021ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தார்கள். ‘கழிக்கப்படாவிட்டால்’ என்ற சொல்லை மட்டும் நினைவில் வையுங்கள். களத்தில் நீங்கள் நிரூபிக்க வேண்டியதில் பாதி அதற்குள் இருக்கிறது.

எங்கே பார்ப்பது, எப்படிக் கேட்பது

தமிழ்நாட்டில் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரங்களின் செங்கல் சூளைகளில் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர் போன்ற மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். வட மாவட்டங்களில் மரம் வெட்டும் கூட்டங்களிலும் அரிசி ஆலைகளிலும் இருளர் பழங்குடியினர் மீட்கப்பட்டது பலமுறை செய்தியாகியிருக்கிறது. கல் குவாரி, கரும்பு வெட்டு, சிறுவர்களை வைத்து ஆடு மேய்க்கும் கிடைகள், வாத்து மேய்க்கும் கூட்டங்கள் ஆகியவையும் இந்த வரிசையில் வருகின்றன. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் ‘சுமங்கலி’ என்ற பெயரில் நடந்ததற்கு வடிவம் வேறு. அங்கே முன்பணம் கொடுத்துப் பிடித்துவைக்கவில்லை. மூன்றாண்டு முடிந்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, பெண்கள் ஈட்டிய கூலியையே நிறுத்திவைத்து அவர்களைப் பிடித்துவைத்தார்கள். இடையில் வெளியேறினால் நிறுத்திவைத்த கூலி போய்விடும் என்ற அச்சம், கடனைப் போலவே ஒருவரைக் கட்டிப்போடும்.

வேலை நடக்கும் இடத்துக்குள் போய் விசாரிக்காதீர்கள். மேஸ்திரியின் கண் முன்னால் யாரும் உண்மை பேசமாட்டார்கள், நீங்கள் போன பிறகு அதற்கான விலையை அவர்கள்தான் கொடுப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், வாரச்சந்தை, குழந்தைகளைக் கொண்டுவரும் அங்கன்வாடி ஆகிய இடங்கள் நல்லவை. எல்லாவற்றையும்விட நல்லது சொந்த ஊரில் இருக்கும் உறவினர். முன்பணம் எந்தத் திண்ணையில், எவர் முன்னிலையில், எத்தனை ரூபாயாகக் கைமாறியது என்பதை நாள் கிழமையோடு சொல்லக்கூடியவர்கள் அவர்களே.

முதல் கேள்வியாக ‘எவ்வளவு கடன்?’ என்று கேட்காதீர்கள். கடனைப் பற்றிப் பேச்செடுத்ததும் தொழிலாளி தன்னைக் கடன்காரராகவும் உங்களை வசூலுக்கு வந்தவராகவும் நினைத்துக்கொள்கிறார். வாங்கியதைக் கொடுக்காமல் போவது பாவம் என்று மெய்யாகவே நம்பும் மனிதர்கள் இவர்கள், முதலாளியின் பிடி இத்தனை உறுதியாக இருப்பதற்கு அந்த நேர்மையும் ஒரு காரணம். எனவே போக்குவரத்தைப் பற்றிக் கேளுங்கள். கடைசியாக ஊருக்குப் போனது எப்போது? குடும்பத்தோடு போனீர்களா, யாரையாவது விட்டுவிட்டுப் போனீர்களா? பக்கத்துச் சூளையில் கூடுதல் கூலி தருவதாகச் சொன்னால் நாளைக்கே போக முடியுமா? காய்ச்சல் வந்த அன்று என்ன நடந்தது? கணக்கு எந்த நோட்டில் இருக்கிறது, அதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்களா? சொல்லாமல் போனவர் யாராவது உண்டா, அவரை என்ன செய்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் அடங்கிய குரலில்தான் வரும். ஓடிப்போனவரை வண்டியில் கொண்டுவந்து எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தியிருந்தால், அதன்பிறகு அந்த இடத்துக்கு வேலியே தேவையில்லை.

நோட்டைக் கையில் வாங்கிக் கணக்குப் போடுங்கள்

முடிந்தால் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தையாவது பாருங்கள். இல்லாவிட்டால் தொழிலாளியின் நினைவிலிருந்தே அதை மீண்டும் எழுதுங்கள். இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கைச் சொல்கிறேன். கணவன், மனைவி, பன்னிரண்டு வயது மகன் ஆகிய மூவர் கொண்ட குடும்பம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கல்லுக்கு 700 ரூபாய் கூலி. விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து மண் குழைத்து, வாரத்துக்கு ஆறாயிரம் கல் அறுக்கிறார்கள். உடைசல், கோணல், மழையில் கரைந்தது என்று எண்ணூறு கல்லைத் தள்ளிவிட்டு 5,200 என்று மேஸ்திரி எழுதுகிறார். கூலி 3,640 ரூபாய். அதில் சாப்பாட்டுச் செலவுக்கென்று சனிக்கிழமை 1,500 ரூபாய் கையில் கொடுக்கிறார்கள். மீதி 2,140 ரூபாய் முன்பணத்தில் கழிய வேண்டும். அப்படிக் கழிந்தால், மேஸ்திரி எழுதிய கல்கணக்கின்படியே பார்த்தாலும், பத்தொன்பது வாரங்களில் கடன் தீர்ந்து, பருவம் முடிய இன்னும் வாரங்கள் பாக்கி இருக்கும்.

ஆனால் பருவத்தின் முடிவில் நோட்டில் 52,000 ரூபாய் பாக்கி என்று இருக்கிறது. வந்த வண்டிக்கூலி, மருத்துவமனைச் செலவு, மழையில் வேலை இல்லாத நாட்களின் சாப்பாட்டுப் பணம், மேஸ்திரியின் கமிஷன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கின்றன. கழிவு எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. இந்தப் பக்கமே உங்கள் முதன்மையான சான்று. கையில் கொடுத்த 1,500 ரூபாயைப் பெரியவர்கள் இருவருக்கும் ஆறு நாட்களுக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 125 ரூபாய் வருகிறது. சிறுவனின் உழைப்பு கணக்கிலேயே இல்லை. அந்த ஆண்டுக்கு அந்த வேலைக்கு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலியை இதன் அருகில் எழுதிவிட்டால், பெயரளவுக் கூலி என்பதை வாதிட்டு நிறுவ வேண்டிய தேவையே எழாது.

எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ‘தானாகத்தான் வந்தார், கட்டாயப்படுத்தவில்லை’ என்பார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியின்றிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்யவைத்தால் அதுவும் கட்டாய உழைப்பே என்று சொல்லிவிட்டது. ‘முன்பணம் கொடுத்ததற்கு எழுத்து ஏதும் இல்லையே’ என்பார்கள். ஃபரீதாபாத் கல் குவாரித் தொழிலாளர் வழக்கில் 1983 டிசம்பரில் நீதிபதி பகவதி அமர்வு அளித்த தீர்ப்பு, கட்டாய உழைப்பு என்று தெரியவந்தாலே அது முன்பணத்துக்காகவோ வேறு பொருளாதாரப் பயனுக்காகவோ நடப்பதாகக் கருதிக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது என்று சொல்கிறது. சட்டத்தின் 15ஆம் பிரிவும், தன் கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர் மீதே வைக்கிறது. ஓர் அமைப்பு எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்றுத்தான் அந்த ஃபரீதாபாத் வழக்கை உச்ச நீதிமன்றம் நடத்தியது என்பதையும், கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று தயங்குகிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

செய்யக்கூடாதவை

பணம் திரட்டிக் கடனை அடைத்துவிடலாம் என்ற எண்ணம் இரக்கமுள்ள எவருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். கொத்தடிமைக் கடன் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி ஏற்கெனவே ஒழிந்துபோன கடன். அதைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு தொழிலாளிக்கு இல்லை, ஒழிந்த கடனுக்கு எதிராகப் பணம் பெறுவதே 9ஆம் பிரிவின்படி குற்றம். நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த பருவத்தில் இன்னொரு குடும்பத்துக்கு முன்பணமாகப் போகும், விடுவிக்கப்பட்டவருக்கோ, அவர் கொத்தடிமையாக இருந்து விடுதலையானவர் என்று அரசு எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழும் இருக்காது, மறுவாழ்வு நிதியும் கிடைக்காது.

முதலாளியிடம் நேரில் போய் நியாயம் கேட்பதும், படம் எடுத்து இணையத்தில் போடுவதும், நான்கு பேராகச் சேர்ந்து போய் ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதும் இதேபோல் கேட்டில் முடிபவை. செய்தி கசிந்த அன்றிரவே லாரியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நீங்களாகவே அழைத்துவந்துவிட்டாலோ, அவர்கள் கொத்தடிமைகளாக இருந்ததை அரசு அலுவலர் எவரும் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கமாட்டார். முன்பணத்தை ஏமாற்றிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்ற எதிர்ப்புகார் அதற்குள் காவல் நிலையத்துக்குப் போயிருக்கும். தாமாகவே தப்பி வந்தவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கும் விசாரணை நடத்திச் சான்றிதழ் வழங்க முடியும், வந்த உடனேயே எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டுமே முக்கியம்.

புகாரை எழுதுவதும் கொடுப்பதும்

இந்தச் சட்டத்தின்கீழ் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. அவர் அதிகாரம் அளித்திருக்கும் அலுவலர்களாகப் பெரும்பாலும் வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ களத்துக்கு வருவார்கள். மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் கண்காணிப்புக் குழுக்கள் இருக்க வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. புகாரை ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ நேரில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள், ஒரு பிரதியை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கொடுங்கள். கட்டாய உழைப்புக்கும் ஆள்கடத்தலுக்கும் உள்ளானவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர்க்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் உதவி எண் 15100. குழந்தைகள் இருந்தால் 1098க்கும் சொல்லுங்கள். அடி நடந்துகொண்டிருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் 112தான் முதலில். மற்ற நேரங்களில் உள்ளூர்க் கீழ்நிலை அலுவலர்கள் வழியாகப் புகாரை மேலே அனுப்பவேண்டாம் என்பதே என் கருத்து. அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்பதால் சொல்லவில்லை. சூளை முதலாளி அதே ஊரில் வரி கட்டுகிறவர், திருவிழாவுக்கு நன்கொடை கொடுக்கிறவர், மாலைக்குள் அவர் காதுக்கு விஷயம் போய்விடும்.

புகாரில் இருக்க வேண்டியது உணர்ச்சியைவிட விவரம். இடத்துக்கு வழி, கைப்பேசி வரைபடத்தில் அது இருக்கும் புள்ளி, வாசல்கள் எத்தனை, எந்த நேரத்தில் எல்லோரும் உள்ளே இருப்பார்கள், எத்தனை குடும்பங்கள், எத்தனை குழந்தைகள், கர்ப்பிணிகளோ நோயாளிகளோ உண்டா, எந்த ஊர், எந்த மொழி, எந்தச் சமூகம், எப்போது வந்தார்கள், எவ்வளவு முன்பணம், கூலி எப்படி, போக்குவரத்துக்கு என்ன தடை, என்ன மிரட்டல். தொழிலாளியின் கையெழுத்து கட்டாயமில்லை, உறவினரோ தகவல் அறிந்த எவருமோ புகார் கொடுக்கலாம். மொழி வேறென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். முதலாளி தரப்பைச் சேர்ந்த மேஸ்திரியே மொழிபெயர்ப்பாளராக நின்ற விசாரணைகளில் உண்மை வெளியே வந்ததே இல்லை.

மீட்பு நாளும் விசாரணையும்

அலுவலர்கள் உள்ளே போகும் நேரத்தில் பரபரப்பும் அழுகையும் கூச்சலுமாக இருக்கும். நீங்கள் உடன் இருக்க அனுமதி கிடைத்தால், குடும்பங்களை எண்ணுவதிலும் பொருட்களை எடுக்கச்செய்வதிலும் கவனம் வையுங்கள். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், குழந்தைகளின் தடுப்பூசி அட்டை, கைப்பேசி, சமையல் பாத்திரங்கள், வளர்த்த கோழிகள் என அவர்களுடைய எதுவும் அங்கே தங்கக்கூடாது. கோழியையா என்று நினைக்கவேண்டாம். விட்டுவந்த பொருளை எடுக்கத் திரும்பிப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட நேர்ந்திருக்கிறது. முதலாளியிடம் இருக்கும் அட்டைகளையும் கணக்கு நோட்டுகளையும் வெற்றுப் பத்திரங்களையும் கைப்பற்றிப் பட்டியலிடும்படி அலுவலரிடம் அந்த இடத்திலேயே கேளுங்கள்.

பிறகு நடக்கும் விசாரணையில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியே, முதலாளியோ அவருடைய ஆட்களோ இல்லாத இடத்தில், சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தபிறகு விசாரிக்க வேண்டும். கணவரிடம் மட்டும் கேட்டுக் குடும்பத்தின் வாக்குமூலம் என்று எழுதுவதை ஏற்காதீர்கள். நான் உடன் இருந்த ஒரு விசாரணையில், நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்ணிடம் ‘அடித்தார்களா?’ என்று கேட்டார்கள். ‘இல்லீங்க’ என்றார். ‘பூட்டி வைத்தார்களா?’ ‘இல்லீங்க.’ ‘கூலி கொடுத்தார்களா?’ ‘வாராவாரம் குடுப்பாருங்க, மொதலாளி நல்லவருதாங்க.’ எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடப்போனார். பக்கத்தில் இருந்த இளம் அலுவலர், ‘கடைசியாக உங்கள் அம்மாவை எப்போது பார்த்தீர்கள்?’ என்று கேட்டார். அந்தப் பெண் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, ‘அவரு போனா நான் இருக்கணும், நான் போனா அவரு இருக்கணும், ரெண்டு பேரும் சேந்து போகக் கூடாதுங்க’ என்றார். ‘அம்மா செத்ததுக்கு அவரு மட்டும்தான் போனாரு.’ வாக்குமூலத்தில் நிற்க வேண்டிய வரி அதுதான், அந்த இளைஞர் அவருடைய சொற்களிலேயே அதை எழுதவைத்தார்.

எனவே விசாரிப்பவர் அடியையும் பூட்டையும் பற்றி மட்டுமே கேட்டால், நீங்கள் பணிவாக, ஆனால் விடாமல், முன்பணம், கூலி, போக்குவரத்து, வேறு வேலைக்குப் போகும் உரிமை ஆகியவற்றையும் கேட்டுப் பதிவு செய்யும்படி வேண்டுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வைக்க வேண்டும்.

சான்றிதழ், பணம், வழக்கு

விடுதலைச் சான்றிதழ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். குடும்பத் தலைவர் பெயரில் ஒன்று மட்டும் போதாது, வேலை செய்த மனைவிக்கும் குழந்தைக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. அது இல்லாமல் பேருந்து ஏற்றி ஊருக்கு அனுப்புவதை மீட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு ஊர் திரும்பும் குடும்பம், ஒரு தொலைபேசி அழைப்பில் சூளைக்கே திரும்பிவிடும். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, சொந்த ஊர் ஆகியவற்றில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஒரே ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகாததால் வங்கிக் கணக்குக்குப் பணம் வராமல் நிற்கும் நிலை மிகச் சாதாரணம்.

நடுவண் அரசின் மறுவாழ்வுத் திட்டம் 2016இல் மாற்றி அமைக்கப்பட்டு, பின்னர் மீண்டும் திருத்தப்பட்டது. இப்போதுள்ளபடி, உடனடி நிவாரணமாக ஒருவருக்கு 30,000 ரூபாய் வரை, வழக்கின் முடிவுக்குக் காத்திராமல், மாவட்ட மறுவாழ்வு நிதியிலிருந்து கொடுக்கலாம். அதற்குமேல் மறுவாழ்வுத் தொகையாக வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநர்களுக்கும் 3 லட்சம் ரூபாய். இந்தத் தொகை குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு இணைக்கப்பட்டிருப்பதுதான் பெரிய இடர். விசாரணை முடியாவிட்டாலும், கொத்தடிமையாக இருந்ததற்கு முகாந்திரமும் சான்றும் உண்டு என்று ஆட்சியர் முடிவுக்கு வந்திருந்தால் பணத்தை நிறுத்தக்கூடாது என்ற விதிவிலக்கைச் சுட்டிக்காட்டி மனு கொடுங்கள். வெளிமாநிலத்தவர் என்றால் மறுவாழ்வுத் தொகை பெரும்பாலும் சொந்த மாநிலத்தில்தான் கிடைக்கும். எனவே மீட்ட மாவட்டத்தின் ஆட்சியர், அவர்கள் ஊரின் ஆட்சியருக்கு எழுதும் கடிதத்தின் பிரதியை வாங்கிக்கொள்ளாமல் அவர்களை ரயில் ஏற்றாதீர்கள்.

வழக்கு விஷயத்தில், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும்தான். ஐம்பது ஆண்டுகளாக மாறாத அந்த அபராதம் எவரையும் தடுக்காது. முதல் தகவல் அறிக்கையில், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் சேர்கிறதா என்று பாருங்கள். அடிமை முறையை ஒத்த சுரண்டலுக்காக ஆட்களைத் திரட்டுவதும் அடைத்து வைப்பதும் அதில் ஆள்கடத்தல் ஆகும், ஒருவருக்கு மேற்பட்டவர்கள் என்றால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டல்ல. தொழிலாளி பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஆக இருந்து, முதலாளி அச்சமூகங்களைச் சாராதவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(h) பிரிவும் பொருந்தும், அதன்கீழ் தனி நிவாரணமும் உண்டு.

ஊர் திரும்பிய பிறகு

ஊர் திரும்பியதும் வரும் முதல் சில மாதங்களில்தான் அதிகம் இழக்கிறோம். வீட்டில் அரிசி இருக்காது, குடும்ப அட்டையில் பெயர் இருக்காது, நிவாரணப் பணம் வந்திருக்காது, மேஸ்திரி மட்டும் சரியாக வருவார். ஆகவே வந்த வாரமே குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஊரக வேலை அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்கு விண்ணப்பியுங்கள். இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழும் வீட்டுமனைப் பட்டாவும் தலைமுறைகளாகக் கிடைக்காமல் இருப்பதே அவர்களைத் திரும்பத் திரும்ப முன்பணத்திடம் தள்ளுகிறது. விடுதலைச் சான்றிதழைக் காட்டி இவ்விரண்டையும் முன்னுரிமையில் கேளுங்கள். முதலாளியின் நிலத்திலேயே பல ஆண்டுகளாகக் குடியிருந்தவர்களை அந்தக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றக்கூடாது என்று 8ஆம் பிரிவு சொல்வதும் நினைவில் இருக்கட்டும்.

சான்றிதழின் நகல்களை மூன்று இடங்களில் வையுங்கள்: குடும்பத்திடம், உங்களிடம், ஊரில் அவர்கள் நம்பும் ஒருவரிடம். மூலத்தை எவர் கேட்டாலும், சரிபார்க்க வேண்டும் என்று சொன்னாலும், கொடுக்கவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள். பழைய பாக்கியைக் கேட்டு யாராவது வீட்டுக்கு வந்தால் பதில் பேச வேண்டியதில்லை. வந்தவர் பெயர், வந்த நாள், சொன்ன சொற்கள், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, சான்றிதழின் நகலை இணைத்து, 9ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் அடுத்த புகாரை அன்றே கொடுத்துவிடுங்கள்.